அட்மிஷன் ஒப்பீஸுக்கு நீங்களே எழுதுங்கள்

தங்கச்சி, அட்டனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: கனடா கல்லூரிகளின் அட்மிஷன் ஒப்பீஸுக்கு எப்படி எழுதுவது, வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஏஜென்சிக்காரர் எழுதினால் போதாதா, பதில் வராவிட்டால் போன் பண்ணலாமா, குளிரைத் தாங்க முடியுமா என்று. குளிரை விடுங்கள், நல்ல ஜாக்கெட் வாங்கினால் தீர்ந்தது. ஏஜென்சி விஷயத்தைத்தான் நான் சொல்ல வேண்டும்.

உங்கள் பெயரில், உங்கள் சொந்த ஈமெயிலில் இருந்து, நீங்களே எழுதுங்கள். என் விண்ணப்பத்தில் ஏஜென்ட் தன்னுடைய ஈமெயிலைப் போட்டுவிட்டார். கல்லூரி அனுப்பியதெல்லாம் அவருக்குத்தான் போனது. ஓஃபர் லெட்டர் வந்த பிறகும், இன்னும் காசு கட்டினால்தான் தருவேன் என்று வைத்துக்கொண்டார். அம்மா கொழுந்து பறித்துக் கட்டிய சீட்டுக் காசு அப்படித்தான் போனது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம், பெட்டிஷன் மாதிரி எழுதாதீர்கள். தோட்டத்தில் தொரைக்கு எழுதிப் பழகிய பழக்கம் நம்மை விடுவதில்லை. "கனம் ஐயா" என்று தொடங்கி, லயத்துக் கஷ்டம், அப்பாவின் வருத்தம் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்க வந்த கேள்வி காணாமல் போய்விடும். இங்கே கல்லூரியில் யாரும் உங்களைக் கெஞ்சச் சொல்லவில்லை. தலைப்பில் படிப்பின் பெயர், எந்த மாதத்து இன்டேக் (சேர்க்கை), விண்ணப்ப இலக்கம். உள்ளே வணக்கம், கேள்வி, நன்றி. ஐந்தாறு வரி போதும். இணையதளத்தில் இருப்பதையே கேட்காமல், "படித்தேன், இந்த இடம் விளங்கவில்லை" என்று கேளுங்கள். அதற்கு மதிப்பே வேறு.

பெயரில் கவனம். பிறப்புப் பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, ஏ.எல். சர்டிபிகேட்டில் வேறொன்று என்று நம் தோட்டங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது! பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றதில் வித்தியாசம் இருந்தால் அவர்கள் கேட்கும் முன்னமே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

போன் பண்ணலாம். ஒன்டாரியோவில் காலை 9 மணி என்றால் உங்களுக்கு மாலை 6.30, இங்கே குளிர்காலத்தில் 7.30. ஆனால் முதலில் ஒரு வாரமாவது பொறுத்து, அதே ஈமெயிலின் கீழேயே நினைவூட்டுங்கள். டொராண்டோவின் ஸ்காபரோவில் நம் ஆட்கள் சிலர் "நான் போன் போட்டுச் சத்தம் போட்டால் நடக்கும்" என்பார்கள். நம்பாதீர்கள். உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மாமாவிடமும் சித்தப்பாவிடமும் ஒப்பீஸ் உங்கள் ஃபைலைப் பற்றிப் பேசாது. சத்தம் போட்டால் பெயர்தான் கெடும், அதுவும் உங்கள் பெயர்.

நான் கனடா வந்த புதிதில் பீஸ் விஷயமாகக் கல்லூரி கவுண்டருக்குப் போனேன். தோட்ட ஒப்பீஸில் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசித்தான் எனக்குப் பழக்கம். இங்கே அந்தப் பெண் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார், என் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டுத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பீஸைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று நானே கேட்டேன், அன்றைக்கே முடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த ஒப்பீஸுக்கும் நான் யாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை.