வன்னிக்கு வராத ரெலெக்ஸ்

ஐயா, வணக்கம்.

ரெலெக்ஸ், தந்தி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கொழும்பில் இருந்தவர்களுக்கு அது இனிக்கும். எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது? 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். சண்டை முடிய நேரே கைபேசிக்கு வந்துவிட்டோம். இப்போது கிராம சேவகரே வைபர் குழு வைத்திருக்கிறார். இடையில் எதையும் தவறவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள தம்பி,

ரெலெக்ஸ் என்பது இங்கே அடித்த செய்தியை லைன் வழியாகத் தொலைவில் இருக்கும் இன்னொரு மெஷினில் தாளில் அடித்துத் தரும் தட்டச்சு மெஷின். அது ஒன்றும் வேகமான சாமான் இல்லை. நிமிடத்துக்கு 400 எழுத்து, அதுவும் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து. அதன் அருமை வேறு இடத்தில் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலை செய்த கொழும்புக் கந்தோரில் ஒன்று நின்றது. செய்தியை முதலில் ஓட்டை விழுந்த காகித நாடாவாக அடித்து வைப்போம். லைன் கிடைத்ததும் நாடாவைக் கொடுத்தால் மெஷின் மளமளவென்று தானே அனுப்பிவிடும், காசு மிச்சம். அதற்கு முன் ஒரு விசையை அழுத்த வேண்டும். 'நீ யார்?' என்று அது மறுமுனையைக் கேட்கும். அங்கே ஆளே இல்லாவிட்டாலும் அந்த மெஷின் தன் இலக்கத்தையும் பெயர்க்குறியையும் திருப்பி அடிக்கும். அனுப்பி முடித்த பிறகும் ஒருமுறை கேட்போம். கேள்வி, செய்தி, பதில் எல்லாம் ஒரே தாளில். அங்கும் ஒரு பிரதி இருக்கும். 'எங்களுக்கு வரவில்லையே' என்று பிறகு இலேசில் சொல்ல முடியாது.

1955இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்டோர்ஸ் வழக்கில் இதைத் தொட்டது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரெலெக்ஸில் அனுப்பிய சம்மதம் லண்டன் மெஷினில் வந்து சேர்ந்ததால், ஒப்பந்தம் லண்டனில்தான் நடந்தது என்று தீர்ப்பு.

சரி, உங்கள் டைனமோவுக்கு வருவோம். பற்றறிக்குத் தடை இருந்த நாளில் அதால்தான் உலகம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. ஆனால் அது வரும் வழி மட்டும். எங்கள் சொல் வெளியே போக என்ன இருந்தது? செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த தாளில் குடும்ப சுகம் எழுதலாம். தாண்டிக்குளம், ஓமந்தைச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்துவிடலாம். வவுனியாவுக்குப் போக முடிந்தவர் கொமினிகேசன் என்ற தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று கொஞ்ச நேரம் பேசலாம். யார், எப்போது, எந்தக் கந்தோருக்கு என்ன சொன்னார் என்பதற்குத் தாள் மிஞ்சவில்லை. நீங்கள் தவறவிட்டது அதைத்தான்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வைத்திருந்த பைகளுக்குள் பிள்ளையின் படம், கடிதப் பிரதிகள், அவற்றோடு பதிவுத் தபால் துண்டுகள். அந்தத் துண்டின் பெறுமதியை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வைபர் குழுவை நான் குறை சொல்லவில்லை. இரணைமடு வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்று ஊருக்குச் சொல்ல அதைவிட நல்ல வழி ஏது? காணிப் பிணக்கும் வீட்டுத்திட்டப் பட்டியலும் வேறு. 'பார்த்தார்' என்று வைபர் காட்டும்தான். ஆனால் கிராம சேவகர் பார்த்தது சொந்தப் போனில். இடமாற்றம் வந்தால் போனோடு உங்கள் முறைப்பாடும் போய்விடும். கந்தோர்க் கோவையில் ஒரு வரி இராது.

தகவலுக்கான உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், ரெலெக்ஸின் அந்த விசையை உங்கள் கையில் தந்திருக்கிறது. கோரிக்கை கிடைத்த உடனேயே தகவல் அலுவலர் அது கிடைத்ததென்று எழுத்தில் ஏற்பு தர வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடுத்தமுறை பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை என்று குழுவில் கேட்காமல், விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 'வைபரில் போடுங்கோ, பார்க்கிறம்' என்பார்கள். அந்த ஏற்புத் தாள் கைக்கு வரும்வரை கதிரையை விட்டு எழும்ப வேண்டாம்.