ஒரே நாள்காட்டியில் இரண்டு எடை

கேள்வி: எனக்கு 38 வயது. மயிலாடுதுறைப் பக்கம் கிராமம். விவசாயம், கூட்டுக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். தை அறுவடை முடிந்ததும் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தோம். அவளுக்கு 29 வயது. குழந்தைக்காகப் பார்க்கிற டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அப்போது நான் 68 கிலோ, அவள் 88. நான்கு மாதத்தில் அவள் 9 கிலோ குறைந்துவிட்டாள், நான் 3 கிலோதான். எடை மெஷின் வாங்கி, அடுப்படி நாள்காட்டியில் இரண்டு பேர் எடையையும் தினமும் எழுதி வந்தோம். வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எல்லோர் முன்னாலும் பெரியத்தை, ‘பெரியவளே, சின்னவளைப் பார்த்துக் கத்துக்கயேன்’ என்றார். மாமியாரோ, ‘ஒரே சோறுதான் ரெண்டு பேரும் திங்கிறாளுவ, இவளுக்கு மட்டும் ஒடம்புல ஒட்டிக்கிது’ என்கிறார். மறுநாள் மெஷினில் 1 கிலோ கூடியிருந்தது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். ஆனால் எல்லோரும் படுத்த பிறகு மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். அவளோடு நடக்கப் போவதும் இல்லை. அவளைப் பார்த்தாலே எரிச்சல். அப்படி நினைப்பது வெட்கமாகவும் இருக்கிறது. நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எழுந்ததும் காபியோடு போட்டுக்கொள்வேன், அதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பழைய ரவிக்கைகளை ஒரு பிடி பிடித்துத் தைத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கும் வந்துவிடுமோ என்று பயந்துதான் இதை ஆரம்பித்தேன். எனக்கு மட்டும் ஏன் குறையவில்லை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம், கை நின்றுபோகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லலாமா? சாப்பிடுகிறவர்களை மனம் நோகப் பேசக்கூடாது என்று நமக்குச் சொல்லி வளர்த்ததே அந்தத் தலைமுறைதான். அடுத்த இரண்டு முறை படித்தபோது வேறு சில வரிகள் கண்ணில் பட்டன. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய வரிகள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த மாத்திரை. ‘ஒழுங்காகத்தான் இருக்கிறது’ என்கிறீர்கள். இல்லை தங்கச்சி. தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டால், மருந்து குடலில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். கண் விழித்ததும் டம்ளரும் டவராவும் கைக்கு வராவிட்டால் நம் ஊரில் பொழுதே விடியாது, எனக்கும் தெரியும். மாத்திரையைத் தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் போட்டுவிட்டு நடக்கப் போங்கள். திரும்பி வரும்போது காபிக்கு நேரம் சரியாக இருக்கும். கடைசியாக டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. இப்படி மாற்றி ஆறிலிருந்து எட்டு வாரம் ஆனதும் ஒரு தடவை எடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள். காபியோடு போட்டுவந்த விஷயத்தையும் சொல்லுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தைராய்டு சரியானதும் மளமளவென்று 9 கிலோ இறங்கிவிடாது. தைராய்டால் மட்டும் கூடுகிற எடை பெரும்பாலும் சில கிலோதான். ஆனால் தைராய்டு குறைவால் வருகிற அசதி, உடம்பு கனத்துக் கிடப்பது, அவை குறையலாம்.

அப்புறம், 3 கிலோவும் 9 கிலோவும். அவள் 88-ல் தொடங்கினாள், நீங்கள் 68-ல். நடுவில் 20 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அதே வாய்க்கால் கரையில் அதே தூரம் நடந்தால் யாருக்கு அதிகச் சக்தி செலவாகும்? அவள் தினமும் அப்படித்தான் நடந்திருக்கிறாள். கூடவே, அவள் உங்களைவிட 9 வயது சின்னவள். உங்களுக்குத் தைராய்டு, அதிலும் மருந்து சரியாக ஏறாத தைராய்டு. அவள் தன் எடையில் 10 சதவீதம் குறைந்திருக்கிறாள், நீங்கள் ஏறக்குறைய நாலரை சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சமாதானம் சொல்ல மாட்டேன், இருக்கிறது. அது உங்கள் சோம்பலால் வந்த வித்தியாசம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரரையே கேட்டுப் பாருங்கள். ஆடுதுறை 36 நெல் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். சி.ஆர். 1009-க்கு 155, 160 நாள் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, 110-வது நாள் பச்சைக் கதிரோடு நிற்கிற 1009 வயலின் வரப்பில் நின்று, ‘பக்கத்து வயல் அறுத்தாச்சு, உனக்கு என்ன கேடு?’ என்று எந்த விவசாயியாவது திட்டுவாரா? ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே உரம்தான். ‘ஒரே சோறுதான் திங்கிறாளுவ’ என்கிற உங்கள் மாமியாருக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நெல்லுக்குப் போடுகிற கணக்கை மருமகளுக்குப் போட மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு மறுநாள் கூடிய 1 கிலோ கொழுப்பே இல்லை. 1 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். எந்தப் பந்தியிலும் ஒரே வேளையில் அவ்வளவு சாப்பிட முடியாது. அப்பளமும் ஊறுகாயும் குழம்புமாக உள்ளே போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும் இப்படித்தான், ஒன்று ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். முதல் ஒரு வாரத்தில் யாருக்கும் சட்டென்று இறங்குவதிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இந்த ஏற்ற இறக்கத்தைத் தினமும் எழுதி, பக்கத்தில் இன்னொருத்தியின் எண்ணையும் வைத்து, காய் நறுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? அந்த நாள்காட்டியை நல்ல நேரமும் ராகுகாலமும் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடையை வாரம் ஒரு நாள், காலையில், அதே மாதிரி உடையில் பாருங்கள். எழுத வேண்டுமானால் உங்கள் நோட்டில், உங்கள் எண்ணை மட்டும்.

ரவிக்கையை ஒரு பிடி பிடித்துத் தைத்தேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்குக் கடிதத்திலேயே பிடித்த வரி அதுதான். பக்கத் தையலில் பிரித்து விடுவதற்கென்று உள்ளே துணி விட்டு வைப்போம், வருடா வருடம் அது வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் அதைத் திரும்ப உள்ளே அனுப்பியிருக்கிறீர்கள்! இஞ்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி மாதம் ஒரு தடவை அளந்து வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். சர்க்கரை விஷயத்தில் எடையைவிட வயிற்றுச் சுற்றளவு முக்கியம்.

நீங்கள் பயந்ததும் சர்க்கரைக்குத்தானே, பெரியத்தைக்கு இல்லையே. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறக்குறைய இரண்டரை ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நடைப்பயிற்சியும் சாப்பாட்டு மாற்றமும் என்று இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. இதை இன்னொரு தடவை படியுங்கள். எடை அசையாத நாளிலும் அந்த நடை உங்களுக்குள் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள். மாலையெல்லாம் பட்டினி போட்டால் பதினொரு மணிக்கு உடம்பு டப்பாவைத் தேடிப் போகத்தான் செய்யும். அது உங்கள் குணக்கேடு இல்லை, பசி. சோற்றை அடியோடு விட வேண்டாம். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதியில் பருப்போ முட்டையோ மீன் குழம்பு மீனோ. எட்டு மணிக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் ஒளிந்து சாப்பிடுவது நிற்காவிட்டாலோ, மனம் மிகவும் தாழ்ந்துபோனாலோ 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அது அரசின் ‘டெலி மனஸ்’ மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சரி, ஓரகத்தி. ‘குழந்தைக்காகப் பார்க்கிற டாக்டர்’ என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அவளை யாரும் எடைக்காகக் குத்திக்காட்டவில்லை. ஆனால் அந்தக் கல்யாண மண்டபத்தில் அவளிடம் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நீங்கள் அவள் இடுப்பைப் பார்க்கிற அதே அடுப்படியில், உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் டிபன் டப்பா கட்டுவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அந்த 9 கிலோவை அவள் எந்த நினைப்போடு குறைத்தாளோ தெரியாது. உங்களுக்கு எரிச்சல் வந்தது மனித இயல்பு, அதற்காக வெட்கப்பட வேண்டாம். நான்கு மாதம் இருட்டு விலகுவதற்கு முன்னால் உங்களோடு நடந்தவள் அவள். திடீரென்று நீங்கள் வராமல் நின்றதும், தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவள் யோசித்துக்கொண்டிருப்பாள்.

அவளிடம் நேராகப் பேசுங்கள். ‘உன்மேல கோபம் இல்லம்மா. கொஞ்ச நாளைக்கு எடையைப் பத்தி மட்டும் நாம பேச வேண்டாம்’ என்று சொன்னால் போதும், அவளுக்குப் புரியும். பெரியத்தை மறுபடி ஆரம்பித்தால், ‘ரெண்டு பேரும் சேர்ந்துதான் அத்தை நடக்கிறோம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். மாமியாரிடம் உங்கள் வீட்டுக்காரர் பேசட்டும், அது அவர் பொறுப்பு.

இந்தக் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை அவள் கதவைத் தட்டுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் கரையெல்லாம் வேலை நடக்கும், சேறாகவும் கிடக்கும். அப்போது தார்ச்சாலைப் பக்கம் மாறிக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம். டி.எஸ்.எச். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனை கிலோ என்று அந்தக் கடிதத்தில் எழுதவே வேண்டாம்.