ஏ மண்டலத் தட்டும் இந்தியப் பிளேயரும்

நண்பரே, தட்டில் கோளாறு எதுவும் இல்லை, திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் வாங்கிவந்த, க்ரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட சத்யஜித் ராயின் 'அபு' மூன்று படங்களின் ப்ளூ-ரே, சென்னையில் வாங்கிய பிளேயரில் ஓடவில்லை என்கிறீர்கள். உறையின் பின்பக்கம் பாருங்கள், சின்னதாக 'ஏ' என்று ஒரு எழுத்து இருக்கும். ப்ளூ-ரே எந்தெந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; 'ஏ' என்பது அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து மண்டலம். நம்மூர் 'சி'. ஐரோப்பாவுக்கு 'பி'. பிளேயரும் தட்டும் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு துடைத்துப் போட்டாலும் வேலைக்காகாது.

டிவிடி காலத்தில் ரிமோட்டில் ஏதோ எண்ணை அடித்து மண்டலத்தை மாற்றினோமே, அந்த வித்தை ப்ளூ-ரே பிளேயர்கள் பலவற்றில் பலிக்காது. எல்லா மண்டலத்துக்கும் மாற்றியமைத்த பிளேயர் வாங்கலாம், விலை கொஞ்சம் கடிக்கும்.

ப்ளூ-ரேயைவிடத் தெளிவான 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. ஆனால் சாதா ப்ளூ-ரே பிளேயர் அவற்றைப் படிக்காது. தட்டு போடும் வசதியுள்ள பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 வீடியோ கேம் கருவி) இருந்தால் போதும். இன்னொரு சிக்கல்: 4கே பெட்டியில் கூடவே வரும் ப்ளூ-ரேக்கு அதே 'ஏ' பூட்டு உண்டு. பேட்டி, ஆவணப்படமெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எப்படியாவது ஓடவைத்துப் பாருங்கள். 1993-இல் லண்டன் லேபில் தீப்பிடித்துக் கருகிய நெகட்டிவ்களிலிருந்து மீட்டெடுத்த படங்கள் அவை. முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யில் நாணல் காட்டு ரயிலை அந்தத் தெளிவில் பார்க்க வேண்டும்.

பிளேயர் மாடல் எண்ணைப் போடுங்கள், மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.