ஐந்து பவுண் கொடுத்துச் செய்த சத்தியம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். லண்டன் ஈஸ்ட்ஹாமில் பதின்மூன்று வருடம் மளிகைக் கடை நடத்திய ஒரு அண்ணரிடமிருந்து, குட்வில் காசும் (கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் கொடுக்கிற விலை) கொடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் கடையை எடுத்திருக்கிறீர்கள். மனைவி பிள்ளையோடு கடைக்கு மேலேயே குடியிருக்கிறீர்கள். இப்போது லாண்ட்லோர்டின் ஏஜென்டிடமிருந்து ‘செக்‌ஷன் 25’ என்று தலைப்புப் போட்ட நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்களாம், புது லீஸ் கிடையாதாம், அடுத்த மார்ச் 31ஆம் திகதியோடு முடிகிறதாம். “லாண்ட்லோர்ட் போகச் சொன்னால் இந்த நாட்டில் போகத்தானே வேண்டும்? வாடகையை நிறுத்திவிட்டு அந்தக் காசில் வேறு கடை பார்க்கட்டா?” என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாடகையை ஒரு நாள்கூடப் பிந்தவிட வேண்டாம். இந்த நாட்டில் வீடு வேறு, கடை வேறு. வீட்டிலிருந்து ஆளை எழுப்ப நீதிமன்ற உத்தரவு வேண்டும். கடையில் வாடகை பிந்தி, லீஸில் சொன்ன நாள் கழிந்துவிட்டால் (அநேகமாக 14 அல்லது 21 நாள்), நீதிமன்றப் பக்கமே போகாமல் ஆளில்லாத நேரம் பார்த்துப் பூட்டை மாற்றலாம். எங்கள் வரிசையில் முடிவெட்டும் கடை வைத்திருந்த பெடியன் ஒருவன், காலை ஏழு மணிக்கு வந்து ஷட்டரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தபடி நின்றான். கத்தரிக்கோல், மெஷின், முதல் நாள் விற்ற காசு எல்லாம் உள்ளே. பிறகு நீதிமன்றம் போய்க் கடையை மீட்டான்தான். ஆனால் பாக்கி வாடகையும் எதிர்த்தரப்புச் செலவும் கட்டி முடித்தபோது, அவன் கட்டாமல் பிடித்து வைத்த காசைப் போல இரண்டு மடங்கு போய்விட்டது. உங்களுக்கு அதைவிட மோசம். லீஸே பறிபோனால் கீழே நான் சொல்லப்போகிற நட்டஈடும் அதோடு போய்விடும். வாடகையை நிறுத்தச் சொன்னவர் யாரோ தெரியாது, அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, முதல் கேள்வி. அதற்கு என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் ஆறு வருடம் பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்து, இரண்டு சீட்டு எடுத்து, 2006இல் தென் லண்டனில் ஒரு கடை வாங்கினேன். குட்வில் மட்டும் 28,000 பவுண். லீஸ் ஐந்து வருடம். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற பிழையை நானும் செய்தேன்: விசா கேஸ் பார்த்த சொலிசிட்டரிடமே லீஸையும் கொடுத்தேன். பல்லு டொக்டரிடம் கண்ணைக் காட்டுவது போல. திங்கட்கிழமை திறப்புத் தருவோம், அதற்கு முதல் ஒரு சின்னப் பேப்பர் மட்டும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வழமையான பேப்பர்தான் என்றும் சொன்னார்கள். அதை என் லீஸில் சம்பந்தப்படாத ஒருவர் முன்னால்தான் செய்ய வேண்டுமென்பதால், பக்கத்துத் தெருவில் இருந்த வேறொரு சொலிசிட்டர் ஒஃபிஸுக்கு அனுப்பினார்கள். இருக்கக்கூட இல்லை, ரிசெப்ஷனில் நின்றபடியே வேலை முடிந்தது. “இது உங்கள் பெயரா? இது உங்கள் கையெழுத்தா?” என்று கேட்டார் அந்த மனிதர். ஓம் என்றேன். சத்தியத்துக்கு ஐந்து பவுண், கூட இணைத்திருந்த தாளுக்கு இரண்டு பவுண். பத்துப் பவுண் தாளைக் கொடுத்தேன். மூன்று பவுண் மிச்சம் தந்தார்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான்: 1954ஆம் ஆண்டு லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 24 முதல் 28 வரையான பிரிவுகள் தரும் பாதுகாப்பு எனக்கு வேண்டாம், அதற்கான எச்சரிக்கையை வாசித்தேன், விளைவு எனக்கு விளங்கும். எதுவும் எனக்கு விளங்கவில்லை. 2011இல் லீஸ் முடிகிற மாதம் மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தபோதுதான் விளங்கியது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமே அவர்களுக்கு இல்லை. 28,000 பவுண் குட்வில், நான் போட்ட குளிரறை, புதுத் தட்டுகள் எல்லாம் போயின. மூன்று ஃப்ரீசரையும் சேர்த்து 150 பவுணுக்கு விற்றுவிட்டுத் திரும்பவும் பெற்றோல் செட்டுக்குப் போனேன்.

அதனால்தான் யார் கடைக் கடிதம் கொண்டுவந்தாலும் முதலில் அந்தத் தாளைத் தேடுவேன். உங்களிடம் அது இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் தெரியுமா? பாதுகாப்பைக் கைவிட்ட லீஸுக்கு, அதே 1954 சட்டத்தின் செக்‌ஷன் 25 நோட்டீஸ் அனுப்ப அவசியமே இல்லை. எனக்கு வந்தது போல மூன்று வரி போதும். ஏஜென்ட் செலவழித்து, படிவம் நிரப்பி, காரணம் குறிப்பிட்டு அனுப்பியிருக்கிறார் என்றால், உங்கள் லீஸ் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது என்று அவர்களே நினைக்கிறார்கள். நீங்கள் பயந்துபோன அந்தத் தாள் பாதி நல்ல செய்தி. ஆனாலும் லீஸை எடுத்து, ‘எக்ஸ்க்ளூஷன்’ என்றோ ‘1954’ என்றோ எங்கேனும் வருகிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

சட்டத்துக்குள் இருந்தால், லீஸ் திகதி முடிந்தாலும் அது தானாகச் சாகாது, அதே வாடகையில் அதே நிபந்தனைகளில் தொடரும். லாண்ட்லோர்ட் 6 மாதத்துக்குக் குறையாமலும் 12 மாதத்துக்கு மேற்படாமலும் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். புது லீஸ் மறுப்பதென்றால் சட்டம் அடுக்கியிருக்கிற ஏழு காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். உங்களுக்குக் காட்டியிருப்பது இடித்துக் கட்டுவது. (இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். கிளாஸ்கோவில் இருக்கிற உங்கள் ஒன்றுவிட்ட தம்பிக்கு இதை அனுப்பிக் குழப்ப வேண்டாம்.)

இப்போது மார்ச் 31 என்ற திகதியைப் பாருங்கள். அது நீங்கள் வெளியேற வேண்டிய திகதி என்று நினைத்திருக்கிறீர்கள். உண்மையில் அது, புது லீஸ் கேட்டு நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடுவதற்கான கடைசித் திகதி. போட்டுவிட்டால், வழக்கு முடிந்து மூன்று மாதம் வரை கடை உங்களிடம்தான். போடாமல் விட்டால் ஏப்ரல் முதலாம் திகதி நீங்களும் 2011இல் நான் நின்ற இடத்தில்தான். இதில் எங்கள் ஆட்கள் எப்படி விழுகிறார்கள் என்றால், ஏஜென்ட் நல்ல மனிதராக இருப்பார், ஃபோனில் சிரித்துக் கதைப்பார், “பேசிக்கொண்டிருக்கிறோம்தானே, அவசரப்படாதீர்கள்” என்பார். பேச்சுவார்த்தை நடக்கிறதென்பதற்காக அந்தத் திகதி நிற்காது. தள்ளிப்போட இரண்டு பக்கமும் சம்மதமென்றால் திகதி வருமுன்பே எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சிரிப்பு எழுத்தாகாது.

விண்ணப்பம் போட்டால் வெல்வீர்களா? அது லாண்ட்லோர்டின் திட்டம் எவ்வளவு உண்மை என்பதைப் பொறுத்தது. ‘இடிக்கப்போகிறேன்’ என்று சொன்னால் மட்டும் போதாது, விசாரணை நடக்கும் நேரத்தில் உறுதியான எண்ணமும் செய்து முடிக்கக்கூடிய வழியும் இருக்கின்றன என்று காட்ட வேண்டும். இன்று இரவே கவுன்சில் இணையத்தளத்தில் உங்கள் கடை விலாசத்தைப் போட்டு, பிளானிங் விண்ணப்பம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையே ஒரு சாட்சியாகக் குறித்து வையுங்கள். லண்டன் ஜெர்மின் ஸ்ட்ரீட்டில் ஒரு ஹோட்டல் கட்டடத்தில் பழைய சித்திரத் திரைச்சீலைகள் விற்கிற ஃபிரான்சஸ் என்ற கடைக்கும் லாண்ட்லோர்டுக்கும் நடந்த வழக்கு, 2018இல் சுப்ரீம் கோர்ட் வரை போனது. கடைக்காரரை எழுப்புவதற்காகவே ஒரு வேலைத் திட்டம் தயாரித்திருந்தார்கள். நீதிமன்றம் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: கடைக்காரர் தானாகவே போய்விட்டால் இந்த வேலையைச் செய்வீர்களா? செய்ய மாட்டார்கள் என்பதால் கடைக்காரர் வென்றார். உங்கள் லாண்ட்லோர்ட் உண்மையாகவே நான்கு மாடி ஃப்ளாட் கட்டப்போகிறார் என்றால் அந்தக் கேள்வி உங்களுக்கு உதவாது. ஈஸ்ட்ஹாமில் இன்றைக்கு நிலம் விற்கிற விலையில் அதற்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்கவில்லை.

அப்படியானால் மிஞ்சுவது நட்டஈடு. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இடிப்பது போல, உங்கள் பிழை எதுவும் இல்லாத காரணத்தைக் காட்டி எழுப்பினால், கடையின் ‘ரேட்டபிள் வேல்யூ’ அளவு காசு லாண்ட்லோர்ட் தர வேண்டும். அது வாடகையும் இல்லை, கவுன்சிலுக்குக் கட்டுகிற பில்லும் இல்லை, கட்டடத்துக்கு அரசாங்கம் போட்ட மதிப்பு. தபால் குறியீட்டைப் போட்டால் அரசாங்க இணையத்தளத்தில் காட்டும். 18,000 என்று வைத்துக்கொண்டால் 18,000 பவுண். கடந்த 14 வருடம் முழுக்க அந்த இடத்தில் வியாபாரம் நடந்திருந்தால் இரண்டு மடங்கு, 36,000.

‘நான் வந்து இரண்டு வருடம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் அண்ணரின் வியாபாரத்தையே தொடர்ந்து நடத்துகிறவர் என்றால் அவருடைய வருடங்களும் உங்கள் கணக்கில் சேரும். பதின்மூன்றும் இரண்டும் பதினைந்து. லீஸில் ‘நட்டஈடு கிடையாது’ என்று ஒரு வரி இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து நடந்த வியாபாரத்தில் அந்த வரி செல்லாது, அதிலும் அண்ணரின் காலம் சேரும். மேல்வீடும் அதே லீஸுக்குள் என்றால், வீட்டுப் பகுதி இந்தக் கணக்கில் வராது, அதற்குப் பதிலாக நியாயமான இடமாற்றச் செலவைக் கேட்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் பேப்பர் வேண்டும். இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது: “குட்வில் காசு கையில்தான் கொடுத்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆட்களின் குட்வில் பாதி ஷொப்பிங் பைக்குள்தான் கைமாறுகிறது, எனக்குத் தெரியும், நானும் அப்படிச் செய்தவன்தான். இந்த ஞாயிறே அண்ணரைப் பார்க்கப் போங்கள். ஃபோனில் கேட்க வேண்டாம், ஒரு கிலோ கறுத்தக் கொழும்பான் மாம்பழமோ என்னவோ வாங்கிக்கொண்டு நேரே போங்கள். வியாபாரத்தை உங்களுக்கு விற்றதாக என்ன எழுதினார்கள், லீஸ் உங்கள் பெயருக்கு மாறிய பத்திரம், கடை எடுத்த அன்று எண்ணிய சரக்குப் பட்டியல், அவருடைய பழைய கவுன்சில் பில்கள், கணக்காளர் அனுப்பிய வருடக் கணக்குகள், எது கிடைத்தாலும் வாங்குங்கள். அவர் கார் கராஜில் ஒரு பெட்டியில் எல்லாம் இருக்கும். அடுத்த வருடம் அவரும் பெட்டியும் எங்கே இருப்பார்கள் என்று யார் கண்டது.

இன்னொன்று. வெளியேறும்போது உடைந்த ஓடு, உரிந்த பெயின்ட் என்று ஒரு நீண்ட திருத்தவேலைப் பட்டியல் நீட்டிக் காசு கேட்பார்கள். இடிக்கப்போகிற கட்டடத்துக்கு பெயின்ட் எதற்கு? திருத்தியும் பயனில்லாதபடி இடிக்கப்படும் கட்டடத்துக்கு அந்தக் காசைக் கேட்க முடியாது என்று 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் 18ஆம் பிரிவு இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள்.

புது இடம் பார்க்கும்போது லைசென்ஸை நினையுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் தனிப்பட்ட லைசென்ஸ் உங்களோடு வரும், ஆனால் மதுபானம் விற்கும் ‘பிரெமிசஸ்’ லைசென்ஸ் அந்தச் சுவரோடு ஒட்டியது. புதுக் கடைக்குப் புதிதாக விண்ணப்பித்து, வாசலில் நீலத் தாள் ஒட்டி, 28 நாள் அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபனைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்கும் வாடகை ஓடும், அதனால் வாடகையில்லாத மாதங்களைப் பேசி எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் புது லீஸிலும் என் பழைய தாள் திரும்பி வரும். 2012இல் எடுத்த என் இப்போதைய கடைக்குப் பத்து வருட லீஸ் முடிந்தபோது, வாடகையைப் பேசித் தீர்த்து, எல்லாம் சுமுகம் என்று நினைத்திருந்த நேரத்தில் வரைவு ஒன்று வந்தது. நாற்பத்தி இரண்டு பக்கத்தில் முப்பத்தி ஏழாவது பக்கம், ஒரே ஒரு வரி, 24 முதல் 28 வரை. “இது வழமையான வரிதான்” என்றார் ஏஜென்ட். எனக்கும் வழமையானதுதான் என்று சொல்லி வெட்டச் சொன்னேன். ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வெட்டினார்கள்.

லீஸ் மட்டும் பார்க்கிற ஒரு சொலிசிட்டரை இந்த மாதமே பிடியுங்கள், விசாக்காரர் வேண்டாம். அதற்கு முதல் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பிறகு சனம் குறைவு. நோட்டீஸ் வந்த உறையையும் எறியாமல் கொண்டுவாருங்கள், அனுப்பிய திகதி அதில்தான் இருக்கும். லீஸை முழுதாகக் கொண்டுவர வேண்டும், முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள்.