கேட்டு வாங்குங்கள், மகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு ஊர் மயிலாடுதுறை. ஜூன் மாதத்திலிருந்து இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளியில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் மற்ற டீச்சர்கள் டவுன் பஸ் பிடித்துப் போய்விடுகிறார்கள். அப்புறம் ராத்திரி வரை நானும் அறையும்தான். தமிழ் பேசும் ஊர்தானே என்று நம்பி வந்தேன். எதிரே வருகிறவர்கள் ‘டீச்சர்’ என்று சொல்லி ஒதுங்கி வழிவிடுகிறார்கள், அதோடு சரி. போன வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் “நாளைக்கு உங்க அம்மாகிட்ட பேசணும்” என்றேன். நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லத்தான். அழுதுகொண்டே ஓடிவிட்டாள், இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவிடம் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். திரும்பிவிடலாமா?

– பெயர் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

முதலில் அந்தப் பிள்ளை. எங்கள் பக்கம் ‘அப்பா பேசினார்’ என்றால் ஏசினார் என்று அர்த்தம். தாயைக் கூப்பிட்டு வைத்து ஏசப் போகிறீர்கள் என்று பிள்ளை பயந்துவிட்டாள். நாங்கள் கதைப்போம். இன்றைக்குப் பின்னேரமே அவள் வீட்டுக்குப் போய்க் கதைத்துவிட்டு வாருங்கள். தேத்தண்ணி தருவார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 90களின் நடுவில் எனக்கு முதல் நியமனம் படுவான்கரையில்தான். மண்முனைப் பாலம் வந்தது 2014இல். நான் போன காலத்தில் வாவியைக் கடக்க ‘பாதை’ என்கிற மிதவைதான், சண்டைக் காலம் வேறு. கிழமை நாட்களில் ஊரிலேயே தங்கிவிடுவேன். யாருக்கும் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று பாணும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஒரு ராத்திரி விளக்கில் எண்ணெய் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் போத்தலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். மண்ணெண்ணெய் லேசில் கிடைக்காத காலம். அந்த அக்கா தன் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, அதிலிருந்தே என் போத்தலில் பாதியை ஊற்றினா. ஊற்றிக்கொண்டே சொன்னா: “எங்கட ஊட்ட ஒண்டும் வாங்க மாட்டீங்க எண்டுதான் நினைச்சம் டீச்சர்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் கூச்சம் என்று நினைத்ததை அவர்கள் சாதி பார்க்கிறேன் என்றோ, படித்த திமிர் என்றோ எடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஒதுங்கி நின்றதும் அதனால்தான். அடுத்த நாள் விடியவே பிட்டு வந்தது.

நீங்கள் கொடுக்க வந்தவர். காலையில் கொடுக்கிறீர்கள், சரி. பின்னேரங்களில் வாங்குங்கள். அறையில் தேங்காய் துருவுகிற துருவலை இருந்தாலும் பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்கள். நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு, வலைப்பந்து பழக்கிவிடச் சொல்லுங்கள். நீங்கள் பந்தைத் தவறவிட்டுச் சிரித்தால் அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். அமெரிக்காவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து படிப்பித்த இயேசு சபைக் குரு வெபர் அடிகளார். எத்தனையோ பேரை விளையாட்டில் பழக்கினவர். மட்டக்களப்பு அவர் பெயரை வைத்திருப்பது ஒரு மைதானத்துக்கு. டவுனுக்கு வரும்போது வெபர் மைதானத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பூம்புகார்க்காரி கண்ணகி எங்கள் கரை முழுக்க அம்மனாக இருக்கிறா. வைகாசியில் கோயில் கதவு திறந்து, அவ கதையான வழக்குரை படித்து, அவ கோபம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள். அவ ஊர்ப் பக்கத்துப் பிள்ளை நான் என்று வயதான பெண்கள் யாரிடமாவது சொல்லி, அம்மன் கதையைக் கேட்டுப் பாருங்கள். பொழுது பட்டாலும் விடமாட்டார்கள்.

அம்மாவிடம் இந்த ஞாயிறு உள்ளதைச் சொல்லிவிடுங்கள். தாய்க்குக் குரலிலேயே தெரிந்திருக்கும்.

திரும்புவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம், மகள். ஐப்பசி வந்துவிட்டது. மழை இறங்கினால் தாழ்ந்த ரோட்டில் வெள்ளம் ஏறும், டவுன் பஸ் ஓடாத நாளும் வரும். அந்த நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். கதவைத் திறக்க நீங்கள் ஒருவர்தான் அங்கே இருப்பீர்கள். அதற்கு முன்னால் அந்தத் துருவலையைக் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.