வாசகர் கேள்வி: ஜாமுக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒரே பாஞ்சோ போதுமா?

கேள்வி: சில ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறேன். அலுவலக நண்பர்கள் வாரந்தோறும் நடத்தும் ப்ளூகிராஸ் ஜாமில் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை ஒன்றைப் பலர் கூடி வாசிக்கும் அமர்வில்) ஐந்து தந்தி பாஞ்சோ வாசிக்க விரும்புகிறேன்; வீட்டில் ரெக்கார்டிங் செய்யும் எண்ணமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா? வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், ராலே, வட கரோலினா

பதில்: ஒன்றே போதும், ஆனால் அதை ஜாமை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். ரெக்கார்டிங்கில் ஒலி மிகுந்தால் அடக்க வழியுண்டு. ஃபிடில், மாண்டலின், இரண்டு மூன்று கிட்டார்கள் சேர்ந்து முழங்கும் இடத்தில் எடுபடாத பாஞ்சோவை எடுபட வைப்பது கடினம்.

ஆகவே, முதுகுப்புறம் மரத்தால் மூடிய ரெசனேட்டர் வகையையே வாங்குங்கள். பின்புறம் திறந்த வகை எடை குறைந்தது, ஒலியும் இதமானது; நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டும் கிளாஹாமர் பாணிக்கு அதுவே பொருத்தம். ஆனால், உங்கள் மாநிலத்திலேயே பிறந்த எர்ல் ஸ்கிரக்ஸ் 1945-இல் ப்ளூகிராஸ் முன்னோடி பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து புகழ்பெறச் செய்த மூவிரல் பாணியைத்தான் ப்ளூகிராஸ் ஜாமில் எதிர்பார்ப்பார்கள். அதற்கு ஒலியை முன்னோக்கித் தள்ளும் ரெசனேட்டர் வேண்டும்.

அடுத்தது, ஹெட்டுக்கு (முகப்பில் இழுத்துக் கட்டிய தோல் போன்ற படலத்துக்கு) அடியில் மேப்பிள் மரச் சட்டத்தின்மேல் அமரும் டோன் ரிங். வெண்கலத்தில் வார்த்த, ஏறக்குறைய 3 பவுண்டு எடையுள்ள ஃப்ளாட்ஹெட் வளையம் இருந்தால் வேகமான வாசிப்பிலும் ஒவ்வொரு ஸ்வரமும் கணீரென்று தனித்துக் கேட்கும். 1930-களில் வந்த கிப்சன் நிறுவனத்தின் மாஸ்டர்டோன் பாஞ்சோக்கள் இதற்கு அளவுகோல் என்றாலும், அவற்றின் விலை நம்மைப் போன்றோருக்கு எட்டாது. டீரிங், கோல்ட் டோன், ரெக்கார்டிங் கிங் ஆகிய நிறுவனங்களின் டோன் ரிங் உள்ள மாடல்களைப் பாருங்கள். நன்கு பராமரித்த பழைய கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. மிச்சமாகும் பணத்தில் தேர்ந்தவர் ஒருவரிடம் செட்டப் (தந்தி உயரம், ஹெட்டின் இறுக்கம் போன்றவற்றைச் சீராக்குவது) செய்துகொள்ளலாம். பெயர்ப்பலகையைவிட ஒலியை மாற்றுவது அதுதான்.

கடையில் வேறொருவரை வாசிக்கச் சொல்லி, எதிரே நின்று கேளுங்கள். மடியில் இருக்கும் ரெசனேட்டர் பாஞ்சோவின் முழு ஒலி வாசிப்பவருக்குக் கேட்பதில்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியில்) தந்தியை அழுத்தி மீட்டும்போதும், அதே இடத்தில் மெல்லத் தொட்டு மீட்டும்போதும் ஒரே ஸ்வரம் வர வேண்டும். வராவிட்டால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் இடம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம் என்பதால், அதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம். ஐந்தாம் தந்தியின் முறுக்காணி பல்சக்கரம் உள்ளதாக இருக்கட்டும்; வெறும் உராய்வில் நிற்பது ஜாமின் நடுவே சுருதியை விட்டுவிடும். அந்தத் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டில்தான் தொடங்குகிறது என்பதால், மற்றத் தந்திகளை ஒருசேர அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ அதைப் பிடிக்காது. ஃபிடில்காரர் ஏ சுருதிக்குப் போனால், ஏழாம் ஃப்ரெட்டில் அடித்திருக்கும் சிற்றாணிக்கு அடியில் தந்தியை மாட்டிக்கொள்ள வேண்டும். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கான ஆணியையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது இல்லாவிட்டால் செட்டப்பின்போது அடிக்கச் சொல்லுங்கள்.

ரெக்கார்டிங்கில் மைக்கை ஓரடி தள்ளி, பிரிட்ஜை நோக்காமல், கழுத்து ஹெட்டுடன் சேரும் இடத்தை நோக்கி வையுங்கள். தேவையற்ற ரீங்காரம் கேட்டால், ரெசனேட்டரைக் கழற்றி, ஹெட்டுக்கும் உள்ளே செல்லும் உலோகத் தண்டுக்கும் நடுவே ஒரு சிறு துணிச்சுருளைச் செருகுங்கள். ஜாமுக்குப் போகுமுன் அதை உருவிவிடலாம்.