மீட்டர் சொன்ன பொய்

கேள்வி: 1993-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் டபிள்யூ 124 கார் ஒன்றை டீலரிடம் வாங்கினேன். ‘ஒரே ஓனர், 82,000 கி.மீ. மட்டுமே ஓடியது, நாளைய கிளாசிக்’ என்று விளம்பரம் செய்திருந்தார். ஆறே வாரத்தில் என்ஜின் வயரிங் நொறுங்கத் தொடங்கியது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கரைக் காட்டினார்: 1,71,000 கி.மீ. டீலரோ, ‘உள்ளது உள்ளபடி’ என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டுகிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் உங்கள் மூன்று குறைகளில் ஒன்றுதான் வழக்குக்குத் தேறும்.

‘நாளைய கிளாசிக்’கை மறந்துவிடுங்கள். அது விற்பவரின் அபிப்பிராயம். விலை ஏறாததற்காக யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

வயரிங்கும் பலவீனமான பிடிதான். 90-களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ்களில் வயரின் மேலுறை என்ஜின் சூட்டில் உதிர்வது, அந்தக் கார்களோடு பழகியவர்களுக்குப் பழைய கதை. 1965-இல் இங்கிலாந்தில் பழைய ஜாகுவார் வாங்கிய ஒருவர், கிளட்ச் பழுதுக்காக டீலர் மீது வழக்குப் போட்டுத் தோற்றார். பழைய கார் என்றைக்காவது செலவு வைக்கும் என்று தெரிந்துதான் வாங்க வேண்டும் என்றது நீதிமன்றம். இன்றைய நுகர்வோர் சட்டங்கள் பல இடங்களில் டீலரை இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. இருந்தாலும் இதை முதல் வாதமாக வைக்காதீர்கள்.

ஓடோமீட்டர் காட்டிய பொய்க் கிலோமீட்டர்தான் உங்கள் வழக்கு. அதே 1965-இல் கார் வாங்கிய டிக் பென்ட்லி என்பவரின் வழக்கு வந்தது. வேறு என்ஜின் பொருத்தியபின் 20,000 மைல்தான் ஓடியது என்று டீலர் சொல்லி விற்ற பென்ட்லி கார், உண்மையில் ஒரு லட்சம் மைலை நெருங்கியிருந்தது. காரின் கதையை விசாரித்து அறியும் இடத்தில் இருந்தவர் டீலர். ஆகவே அவர் வாய்ச்சொல்லே ஒப்பந்த நிபந்தனை என்று தீர்ப்பானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நேர்மாறாக, பதிவுப் புத்தகத்தை நம்பிக் காரின் ஆண்டைத் தவறாகச் சொல்லி விற்ற ஒரு சாதாரண ஆள் தப்பித்தார். உங்களுக்கு விற்றவர் டீலர், அதுவே உங்கள் பலம். ஆங்கிலேயச் சட்ட வழி வந்த நாடுகளில் இந்த வாதம் எடுபடும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி காரின் பழுதுகளுக்குக் குடை பிடிக்கலாம், சொன்ன பொய்க்குப் பிடிக்காது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் காரை நிறுத்துங்கள். ‘வயரிங் செலவில் பாதி நான் தருகிறேன்’ என்று டீலர் இறங்கி வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். 1958-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், பழுதான லாரியை வாங்கியவர் இப்படித்தான் பாதிச் செலவுக்கு ஒப்புக்கொண்டு, மறுபடியும் வண்டியை லோடுக்கு அனுப்பினார். அத்தோடு திருப்பித் தரும் உரிமை போயிற்று.

ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம். இருக்கும் இடத்திலேயே, சேஸ் நம்பரும் தெரியும்படி படமெடுங்கள். விளம்பரத்தையும் சேமித்து வையுங்கள். அந்த 17 எழுத்து சேஸ் நம்பரை வைத்து, முன்பு சர்வீஸ் செய்த இடங்களில் பதிவு கேளுங்கள். ஸ்டிக்கர் வேறு காருடையது என்று டீலர் சொல்லத்தான் போகிறார். அப்புறம், பொய்யான கிலோமீட்டரைக் காரணம் காட்டி, காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தரும்படி இந்த வாரமே எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

கார் மீது ஆசை விடவில்லை என்றால் (உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது) வைத்துக்கொண்டு, 82,000 ஓடிய காருக்கும் 1,71,000 ஓடிய காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் கேட்கலாம். ஆனால் எது வேண்டும் என்பதை நோட்டீஸ் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.